எட்டாம் அலை விதி

வங்காள விரிகுடாவின் அலைகளுக்கு ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக் கொடுத்தவன் நான். எனக்கு முன்னால் அவை தங்கள் இஷ்டத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தன. பல லட்சம் வருஷம் அப்படியே நடந்திருக்கிறது, கேட்பாரில்லை. 1957 ஏப்ரல் பதினாறாம் தேதியிலிருந்து, மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே, ஏழு சின்ன அலை, ஒரு பெரிய அலை, மறுபடி ஏழு, மறுபடி ஒன்று என்று அவை வரிசையில் வரத் தொடங்கின. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

தாசில்தார் ஐயா, போன மாதம் உங்களிடம் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நீங்கள் கேட்டீர்கள், நான் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நீங்கள் கேட்காததை இதில் எழுதுகிறேன்.

என் பெயர் அப்துல் சுபஹான், வயது இருபது, சென்னையில் ஒரு கல்லூரியில் பௌதிகம் படிக்கிறேன் என்பதெல்லாம் உங்கள் பைலில் இருக்கிறது. செங்கல்பட்டு பஜாரில் அத்தாவுக்குக் கைலிக்கடை என்பது அதில் இல்லை. இந்த வழக்குக்கு அதுதான் முக்கியம். நான் மாதம் ஒருமுறை ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறேன் என்பதும் இல்லை. ஹாஸ்டல் சாம்பாரில் காணாமல் போன பருப்புக்கு நான் எழுதிய இரங்கற்பா பெரிய பெயர் வாங்கியது. வார்டன் அதை நெடுநேரம் படித்துவிட்டு, யார் இந்தப் பருப்பு, எந்த ரூம், என்று கேட்டார். மனிதர்கள் எதை நம்புவார்கள் என்பதில் எனக்கு அப்போதிலிருந்தே ஓர் ஆராய்ச்சி ஆசை.

எங்கள் விரிவுரையாளர் சிவப்பிரகாசம் சாருக்கு, யுத்தத்தில் மிஞ்சிய கப்பல் ரேடார் ஒன்று எப்படியோ கிடைத்தது. ரேடார் என்றால் பெரிய விஷயமில்லை, ஐயா. ரேடியோ அலையை வெளியே அனுப்பும். அது எதன்மேலாவது பட்டுத் திரும்பி வந்தால் ஒரு வட்டத் திரையில் வெளிச்சப் புள்ளியாகக் காட்டும். கப்பல்காரர்கள் அதில் எதிரிக் கப்பலைத் தேடினார்கள். நடுவே கடலலை பட்டுத் திரும்பி வரும் புள்ளிகளைக் குப்பை என்று திட்டினார்கள். சாருக்கு அந்தக் குப்பைதான் வேண்டும். அலையின் முகடு ஒவ்வொன்றும் திரையில் ஒரு கோடாகத் தெரியும், கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளியை அளந்தால் கடலையே அளந்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். எண்ணம் சரிதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோடை விடுமுறையில் கடற்கரையோரச் சவுக்குத் தோப்பில் ஒரு தகரக் கொட்டகை போட்டோம். கூரைமேல் ஆன்டெனா சுற்றும். பக்கத்தில் டீசல் என்ஜின் இருமும். அரைமணிக்கு ஒருமுறை திரையைப் போட்டோ பிடித்து, கம்பளி தொங்கவிட்ட மூலையில் பிலிம் கழுவி, கோடுகளை அடிக்குச்சியால் அளந்து அட்டவணையில் எழுதுவது என் வேலை. அளப்பதற்குக் கோடு வேண்டுமே. படத்தில் இருந்ததெல்லாம் ரவை கொட்டினது போல ஒரே பொடி. சார் அதைக் கண்ணாடி போட்டும் பார்ப்பார், கழற்றியும் பார்ப்பார். “வரும் அப்பா, வரும்” என்பார், பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவர் போல.

கொட்டகைக்கு எதிரே மீனவர் குப்பம். அங்கே அலையை அளப்பதற்கு ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருந்தது. அதன் பெயர் வேண்டா.

வேண்டாவுக்கு நாற்பது வயதிருக்கும். விடியும்போது கட்டுமரங்கள் தண்ணீர் ஓரம் காத்து நிற்கும். கீழே நிற்கிற ஆளுக்கு முன்னால் உடைகிற அலைதான் தெரியும், அதற்குப் பின்னால் வருவது தெரியாது. ஆகவே வேண்டா மணல் மேட்டின்மேல் நின்று கடலைப் பார்ப்பாள். வலது கை உயர்ந்திருக்கும். இடது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்கள்மேல் மெல்ல நகரும். பெரிய அலைகள் எல்லாம் போய்த் தணிந்ததும் வலது கை இறங்கும். அத்தனை பேரும் ஒரே தள்ளாகத் தள்ளுவார்கள். அவள் மாமியார் அப்படி நின்றாளாம்; பிறகு இவள்.

இதில் ஒரு சட்டம் உண்டு. எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் கடல் கேட்டுக்கொண்டு கூட ஒன்று அனுப்புமாம். வந்த புதிதில் நான் “எத்தனை வந்தது, எத்தனை பாக்கி?” என்று விசாரித்தேன். சாவு வீட்டில் பாயசம் கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“அதெல்லாம் வாயால சொல்றதில்ல தம்பி.”

“ஏன், கடலுக்குக் காது இருக்கா?”

“உனக்குக் கீதே, கேக்குதா?”

அந்த மாதப் பத்திரிகையில் ‘சமுத்திர ராஜனுக்குக் காது வைத்தியம்’ என்று இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல கட்டுரை. விரல் கணுவால் கடலை அளக்கும் விஞ்ஞானக் கூடம் ஒன்றை அதில் வர்ணித்திருந்தேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்ததாகக் கேள்வி.

ஏப்ரல் நடுவில் சார் மைத்துனன் கல்யாணத்துக்காக நாலு நாள் கருங்குழிக்குப் போனார். படம் எடுக்கும் பொறுப்பு முழுக்க என்னுடையது. இரண்டாம் நாள் பகல், துவைத்த கைலியைக் கொட்டகைக்குள் கொடியில் போட்டிருந்தேன். பின்னால் விளக்கு. கறுநீலத் துணி, வெள்ளைப் பட்டை. மெல்லிய பட்டை ஏழு, அகலப் பட்டை ஒன்று. மெல்லியது ஏழு, அகலம் ஒன்று. எங்கள் கடையில் நன்றாக ஓடுகிற ரகம். படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சார் மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்த கடல் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓர் அட்டையில் வட்டமாக ஓட்டை வெட்டினேன். பின்னால் கைலி, அதற்கும் பின்னால் விளக்கு. காமிராவைச் சற்று மங்கலாகத் திருப்பினேன். ரொம்ப சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்தால் சந்தேகம் வரும் என்பதால் அட்டைக்கு முன்னால் ஒரு கண்ணாடித் துண்டு வைத்து அதன்மேல் உப்பு தூவினேன். கடல் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் உப்பு பொருத்தமாகவும் பட்டது. மூன்று நாளில் அறுபத்து நாலு படம். அப்போதைக்கு அப்போது துணியைச் சாய்த்தேன், காற்றின் திசை மாறுவது தெரியவேண்டும் அல்லவா.

சார் திரும்பி வந்து முதல் படத்தைப் பார்த்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“சுபஹான், கடல் பேசுதப்பா.”

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். சத்தியமாக. ஆனால் தமாஷுக்கும் பலாப்பழத்துக்கும் ஒரு பக்குவம் உண்டு. முன்னால் வெட்டினால் பால்தான் ஒட்டும். அட்டவணையை எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். எழுதி முடித்தார். சராசரி எடுக்கட்டும் என்று காத்திருந்தேன். எடுத்தார். பிறகு அவர் அதற்கு ‘எட்டாம் அலை விதி’ என்று பெயர் வைத்து, சென்னையில் பெரியவர்கள் கூடிய ஒரு சபையில் படித்துவிட்டு வந்தார். கைதட்டினார்களாம். எட்டாவது அலை மட்டுமே பெரிது, அது போனதும் ஏழு சின்ன அலைக்கு உத்தரவாதம் என்பது விதி. கையில் எடுத்த பழம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனால் யாருக்கு வெட்ட மனம் வரும்? புதுப் படங்கள் வேண்டியிருந்தன. கைலி கொடியிலேயே இருந்தது. ரேடார் எடுத்த நிஜப் படங்களைக் கழுவாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தேன்.

விதியைக் குப்பத்துக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பும் என்னிடம் வந்தது. வேண்டா பொறுமையாகக் கேட்டாள்.

“ஏழு சின்னது, ஒண்ணு பெரிசா? எந்த ஊர்ல?”

“இந்த ஊர்லதான்.”

“பெரிசு தனியா வராது தம்பி. பொண்ணு பாக்க வர்ற மாதிரி, நாலு பேரு அஞ்சு பேருன்னு கூட்டமாத்தான் வரும். மொத ஆளு பூந்துட்டான்னு கதவ சாத்த முடியுமா?”

பக்கத்தில் அவள் தம்பி எல்லப்பன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். முப்பது வயது, நல்ல தோள். “அக்காவுக்குப் பொறாம, பாய். ரேடார் பெட்டி வந்து வேலய புடுங்கிக்கினு பூடும்னு பயப்படுது” என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

மீன்வளத்தைக் கவனிக்கிற அதிகாரி ஒருவர் சபையில் சாரின் பேச்சைக் கேட்டிருந்தார். மே இருபத்திரண்டாம் தேதி நேரில் வந்து பார்ப்பதாக எழுதினார். மேட்டில் நான் பிடிக்கிற சைகைக் கொடியைப் பார்த்து, ரேடார் விதிப்படி கட்டுமரம் இறக்கிக் காட்டுகிறவருக்கு ஒரு புது நைலான் வலை. பருத்தி வலையை மரப்பட்டை வடித்த சாயத்தில் தோய்த்துத் தோய்த்துக் கை கறுத்தவர்களிடம் நைலான் என்று சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லப்பன் முதலில் கை தூக்கினான். கூட மாரி என்று ஒரு பங்காளி.

“வாணாம்டா” என்றாள் வேண்டா.

“நைலான்க்கா. அழுகாது, கிழியாது. ஒரு தபா எறக்கினா போதும்.”

“மனுசன் கைய பாத்து எறங்கு. பெட்டிய பாத்து எறங்காத.”

“கொடிய பாத்துதான் எறங்கப் போறேன். நம்ம பாய் கையிலதான கீது கொடி.”

ஆமாம், ஐயா. கொடி என் கையில் இருந்தது. உங்கள் அறிக்கையில் ‘ஆய்வாளர்கள் கொடி அசைத்தனர்’ என்று பன்மையில் இருக்கிறது. அது ஒருமை.

அன்று காலை காற்றே இல்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கடல் எண்ணெய் பூசினது போல மினுங்கியது. ஆனால் எங்கோ நடுக்கடலில் அடித்த காற்றின் அலைகள் இங்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தன. நெடுநேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு ஒரு கூட்டம் எழும்பி வரும். அதிகாரி குடை பிடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சார் ஸ்டாப்வாட்சும் அட்டவணையுமாக என் பக்கத்தில். எட்டாவது அலை உடைந்ததும் அவர் என் தோளைத் தொடவேண்டும், நான் கொடியை இறக்கவேண்டும். மேட்டில் வேண்டா நிற்கிற இடத்தில் நாங்கள் நின்றோம். அவள் பத்தடி தள்ளி, கையைத் தொங்கவிட்டபடி நின்றாள்.

பெரிய அலை ஒன்று வந்து உடைந்தது. சார் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டே என் தோளைத் தொட்டார்.

மேட்டிலிருந்து எல்லாம் நன்றாகத் தெரிகிறது, ஐயா. அவள் ஏன் அங்கே நிற்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. உடைந்த அலைக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், கறுப்பாக மூன்று வரி. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தன. அவற்றை நான் பார்த்தேன். பார்த்ததாகப் போன தடவை சொல்லவில்லை, நீங்கள் கேட்கவில்லை.

கொடியை இறக்கினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். கட்டுமரம் கவிழ்வது அந்தக் குப்பத்தில் வாரம் இரண்டு தடவை நடக்கிற சமாசாரம். கவிழ்வார்கள், உப்புத்தண்ணீரைத் துப்புவார்கள், கெட்ட வார்த்தை சொல்வார்கள், மறுபடி ஏறுவார்கள். அதிகாரியின் முன்னால் எட்டாம் அலை விதி குப்புற விழும், அந்த நேரத்தில் நான் கைலியை எடுத்து விரிப்பேன் என்பது திட்டம். பத்திரிகைக்குத் தலைப்புகூட யோசித்திருந்தேன். பழம் பழுத்துவிட்டது என்று பட்டது.

எல்லப்பனும் மாரியும் தள்ளினார்கள். அப்போது வேண்டா கத்தினாள். அந்தக் குப்பத்தில் யாரும் அதுவரை கேட்டிராத ஒன்றை வாய்விட்டுக் கத்தினாள்.

“எல்லப்பா, பின்னால இன்னும் மூணு கீதுடா. தள்ளாத, உட்ரு.”

எல்லப்பன் திரும்பி அக்காவைப் பார்த்தான். மரம் குறுக்கே திரும்பிவிட்டது. இரண்டாவது அலை மரத்தை அவன்மேல் தூக்கிப் போட்டது. மூன்றாவது அதைக் கரைவரை உருட்டியது. நான்காவது வந்தபோது மாரி அவனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். வலது கால். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கைலி என் தோளில் மடித்தபடியே இருந்தது. விரிக்க ஏற்ற நேரமாகத் தெரியவில்லை.

நீங்கள் விசாரிக்க வந்தீர்கள். அந்தப் பெண் கத்தினாளா என்றீர்கள். கத்தினாள் என்றேன். அதனால்தான் அவன் திரும்பினானா என்றீர்கள். ஆம் என்றேன். அட்டவணைப்படி கொடி இறங்கியதா என்றீர்கள். அட்டவணைப்படிதான் என்றேன். இதில் எது பொய்?

குப்பத்தின் விசாரணை உங்களுடையதைவிடச் சீக்கிரம் முடிந்தது. அவள் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னாள். மூன்று என்று சொன்னாள், நான்கு வந்தது. கடல் கேட்டுக்கொண்டு ஒன்று கூட அனுப்பிவிட்டது. எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். முதல் அலை அவள் கத்துவதற்கு முன்பே உடைந்துவிட்டது, அதோடு மூன்றைக் கூட்டினால் நான்கு என்று நான் மணலில் எழுதிக் காட்டினேன். “கூட்டல் பள்ளிக்கூடத்துக்கு, பாய். கடலுக்கு இல்ல” என்று ஒருவர் சொல்லிவிட்டார். வேண்டா இப்போது மேட்டுக்கு வரக் கூடாது. கரையிலேயே இறங்கக் கூடாது. குடிசைக்குப் பின்பக்கம், கடல் தெரியாத இடத்தில் கருவாடு காய வைக்கிறாள். எல்லப்பன் அவள் கொண்டுபோன சோற்றைத் தொடவில்லையாம். கால் போனதற்கு அல்ல, வாயைத் திறந்ததற்கு.

அன்றிரவு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, காலையில் கொடி இறங்கியபோது என்ஜின்காரப் பையன் ரேடார் திரையில் பிடித்துவைத்த நிஜப் படத்தைக் கழுவினேன். மூன்று வாரம் ரவையாகக் கொட்டின அந்த இயந்திரம் அன்றைக்கு மட்டும் நான்கு கோடு போட்டிருந்தது. ஒன்று கரையோரம், பின்னால் மூன்று. கோலம் போட்டது போலத் தெளிவாக. சிவப்பிரகாசம் சார் நினைத்தது சரி. வேண்டா எண்ணியதும் சரி. தப்பாக எண்ணியது கைலி ஒன்றுதான்.

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கைலியையும் காட்டினேன். அவர் அதை விளக்குக்கு நேரே பிடித்து, பட்டைகளை அடிக்குச்சியால் அளந்தார். கண் கலங்கியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

“அந்தப் பெண்ணைக் காப்பாத்தறதுக்காக உன் தலையில் பழியைப் போட்டுக்கறே. பெரிய மனசு உனக்கு. ஆனா கேளு, கைலி நெய்தவன் அந்த விகிதத்தை எங்கேருந்து எடுத்தான்? இயற்கையிலிருந்துதானே?”

நான்கு கோட்டுப் படத்தைக் கொடுத்தேன். “அந்தப் பொம்பளை கத்தினதில் மிஷின் அதிர்ந்திருக்கும்” என்றார்.

வேண்டாவிடமும் போனேன். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே எத்தினி வந்துச்சுன்னு. எழுதி வச்சிக்கினாங்களே, அவங்ககிட்ட சொல்லு.”

அதனால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதிகாரி, எட்டாம் அலை விதியை அட்டையில் அச்சடித்துக் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை ஒவ்வொரு குப்பத்திலும் மாட்டப் போகிறார். ஆடி பிறப்பதற்குள் வந்துவிடுமாம். கைலியைப் பார்த்து எத்தனை குப்பம் கடலில் இறங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. இதோடு இணைத்திருப்பவை: கைலி ஒன்று, கறுநீலம்; ஓட்டை போட்ட அட்டை ஒன்று; நான்கு கோடுள்ள படம் ஒன்று. எல்லப்பன் காலை எடுத்தவன் நான். அலையைப் பார்த்தும் கொடியை இறக்கியவன் நான். அந்தப் பெண்மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் சரியாகப் பதில் சொன்னவன் நான். அச்சை நிறுத்துங்கள். நீங்களே குப்பத்துக்கு வந்து கூட்டலைச் சொல்லுங்கள். என் வாயால் சொன்னால் எடுபடவில்லை. அவள் மறுபடி மேட்டில் நிற்கவேண்டும்.

அதுவரை யாராவது நின்றாகவேண்டும் என்பதால் நான் நிற்கிறேன். கொடி இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. குப்பத்தில் இப்போது எல்லாரும் அதைப் பார்த்துத்தான் தள்ளுகிறார்கள். கையில் அட்டவணையைப் பிடித்துக்கொள்வேன், அதற்குமேல் கடலைப் பார்ப்பேன். இடது கைக் கட்டைவிரல் என்ன செய்கிறது என்று நான் கவனிப்பதில்லை. பதிமூன்று நாளாக ஒரு மரமும் கவிழவில்லை. சார் அந்தப் பதிமூன்றையும் விதிக்குச் சாட்சியாக நோட்டில் ஏற்றிவிட்டார்.

இன்று காலை கூட்டமாக வந்துகொண்டிருந்தது. மாரி கீழே மரத்தைப் பிடித்தபடி அண்ணாந்து கத்தினான்.

“பாய், இன்னும் எத்தினி கீது?”

தெரியும், இரண்டு. நான் சொல்லவில்லை. அவன் மறுபடி கேட்டான். உதட்டை இறுக்கிக்கொண்டு, இரண்டும் வந்து போகிறவரை நின்று, கொடியை இறக்கினேன். கடலுக்குக் காது இருக்கிறது என்றெல்லாம் நான் நம்பவில்லை, ஐயா. தொண்டை கொஞ்சம் சரியில்லை.